ரசத்தில் விழும் ஒரு சிட்டிகை

கேள்வி: என் பத்து வயது மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பது உறுதியாகி, சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், ரவை உப்புமா எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. இருந்தும் வயிற்று வலி வந்து போகிறது. இரத்தப் பரிசோதனையிலும் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருளின் அளவு பெரிதாக இறங்கவில்லை. "அரிசிச் சோறு தின்கிற வீட்டில் இது என்ன புது நோய்? கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது" என்கிறார் மாமியார். மே மாதம் அவரோடும் என் மகனோடும் மூன்று நாள் ஏற்காட்டில் தங்கப் போகிறோம். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரி, கண்ணுக்குத் தெரிந்த கோதுமையை எல்லாம் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்; கண்ணுக்குத் தெரியாமல் வருவதைத்தான் இனிமேல் தேட வேண்டும். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, உங்கள் மகளின் உடலே தன் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகளைத் தாக்கி அழிக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து சேர்ந்தாலே குடலின் உட்சுவர் கெடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான மைதாவில் அந்த அளவு இருக்கிறது. ஆகவே "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு இந்த நோயில் இடமே இல்லை.

முதலில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசின் கொஞ்சம்தான். மீதி பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ ஆகும். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், முறுக்கு, அப்பளம் என்று நாள் முழுவதும் அது உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறார்கள். உட்பொருள் பட்டியலைப் படித்து வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டே ரசம் வையுங்கள். அதே கண்ணோடு சேமியாவையும், பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் கலந்த சத்துபானங்களையும் பாருங்கள். "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட்ட பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

அடுத்தது மாவு மில். ராகியில் குளூட்டன் கிடையாது என்று நம்பி நீங்கள் அரைக்கக் கொடுக்கிறீர்கள். ஆனால் மாவு விழும் வாயில் கட்டியிருக்கும் துணியை ஒருமுறை தட்டிப் பாருங்கள், உங்களுக்கு முன்னால் வந்தவர் அரைத்த கோதுமை மாவு பொலபொலவென்று உதிரும். மகளுக்கான ராகி, கம்பு, அரிசி மாவை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்வது சிரமமான வேலைதான், ஆனாலும் அதை நான் வற்புறுத்தியே சொல்வேன். அவளுக்கென்று தனி தோசைக்கல், தனிக் கரண்டி, தனிச் சல்லடை வேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது.

விலக்க வேண்டியதை மட்டுமே பேசினால் குழந்தையின் முகம் வாடிவிடும். சேலத்துப் பிள்ளைக்குத் தட்டுவடை செட் இல்லாமல் இருக்க முடியுமா? தள்ளுவண்டியில் வேண்டாம், அந்தத் தட்டுவடையில் என்ன பெருங்காயம், எந்த எண்ணெய் என்பது நமக்குத் தெரியாது. பச்சரிசி மாவில் வீட்டிலேயே தட்டிப் பொரித்து வைத்துக்கொண்டு, இரண்டு சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து அவளையே அடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு என்பதால் சேமியாப் பாயசத்தின் இடத்தை அது தாராளமாக நிரப்பும். ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் கிடையாது. குடல் புண்பட்ட குழந்தைக்கு இரும்பும் கால்சியமும் குறைந்திருக்கும். ராகிக் களி, சாமைச் சோறு, கீரை, முட்டை, பருப்புதான் அவளுக்கு அன்றாட உணவாக இருக்க வேண்டும்.

உங்கள் மாமியார் மீது கோபம் வேண்டாம். தென்னிந்தியாவில் இந்த நோய் வடக்கைவிடக் குறைவு என்பதால் அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்த்து அனுமதிக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படையுங்கள். பேத்தியின் வயிற்று வலியைக் கண்ணால் பார்ப்பவர் அந்தக் காவலை உங்களைவிடக் கண்டிப்பாகச் செய்வார் என்று நான் நம்புகிறேன்.

ஏற்காட்டில் சமையலறையுள்ள தங்குமிடம் கிடைத்தால் நல்லது. குக்கர், தோசைக்கல், இட்லி மாவு, வீட்டு சாம்பார்ப் பொடி ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். மிளகாய் பஜ்ஜி கடலை மாவுதானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மைதா போண்டாவும் அதே சட்டியில்தான் வேகும். பலாச்சுளையையும் வேகவைத்த மக்காச்சோளத்தையும் அவள் அச்சமின்றித் தின்னலாம்.

இவ்வளவு செய்தும் மூன்று மாதத்தில் அளவு இறங்காவிட்டால் குடல்நோய் நிபுணரிடம் மறுபடியும் காட்டுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், உங்கள் மகனுக்கும் உங்கள் இருவருக்கும் அதே இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டுச் சோதித்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். ஆகவே அந்த முடிவு வரும் வரையில் அவன் வழக்கம்போலச் சப்பாத்தி சாப்பிடட்டும்.