வாசகர் கேள்வி – பதில்: வன்னியில் ஓடுவதற்கு எந்தப் பாதை?

கேள்வி: புதுக்குடியிருப்பில் பிறந்த நான் போருக்குப் பின்னர் இலண்டனில் குடியேறியவன். என் மகள் அங்கே அரை மரதன் ஓடுகிறாள். வருகின்ற ஆடி மாதம் குடும்பமாக ஊருக்கு வருகிறோம். நீர்க்கரையோரமாகவும் பழைய போர்க்களங்களின் வழியாகவும் ஓடக்கூடிய பாதைகள் வன்னியில் உண்டா என்று அவள் கேட்கிறாள். முள்ளிவாய்க்கால் வழியாக ஓடுவது முறையாகுமா என்பது என் மனதை உறுத்துகின்ற கேள்வி.
– வாசகர், இலண்டன்

பதில்: உங்கள் மனதை உறுத்துகின்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முல்லைத்தீவு நகரிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து முள்ளிவாய்க்கால் பக்கமாகச் செல்லும் வீதி, ஒருபுறம் நந்திக்கடல் நீரேரியும் மறுபுறம் பெருங்கடலும் நெருங்கி நிற்க, இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தின் வழியே போகிறது. காட்சியை மட்டும் கருதினால் வன்னியில் இதற்கு நிகரான பாதை இல்லை என்றே சொல்வேன். ஆயினும் அங்கே ஓட வேண்டாம், நடந்து செல்லுங்கள் என்பதுதான் என் விடை. அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் 2009 மே மாதத்தில் பல்லாயிரக்கணக்கான மக்கள், காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டும், இந்தப் பாலத்தின் வழியாகவே வெளியேறினார்கள்; அதைக் கடக்க முடியாமற்போனவர்கள் அந்த மணலிலேயே கிடந்தார்கள். அந்த வீதியில் மனிதர்கள் உயிருக்காக ஓடியதைக் கண்டவர்கள் இன்றும் அதன் இருமருங்கிலும் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய படலைக்கு முன்னால் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு ஓடுவது, தெரியாமல் செய்தாலும், அவர்களை நோகச் செய்யும். உங்கள் மகளுடன் பாலத்தின் முல்லைத்தீவுப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு, நினைவிடம் வரையில் நடந்து சென்று திரும்புங்கள். ஊரவர் எவரேனும் பேச முன்வந்தால் நின்று கேளுங்கள். மே 12 முதல் 18 வரையான நினைவேந்தல் வாரத்தில் அந்தப் பகுதியெங்கும், போரின் இறுதி நாள்களில் மக்கள் குடித்து உயிர்பிழைத்த கஞ்சியின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்படும். அந்த நாள்களில் அயலிலுள்ள வீதிகளில்கூட ஓட்டப் பயிற்சியைத் தவிர்ப்பதே நல்லது.

நந்திக்கடலைப் பார்த்துக்கொண்டு ஓட விரும்பினால் அதன் மேற்குக் கரைக்குச் செல்லுங்கள். முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்குச் செல்லும் வீதி, மேடு பள்ளமின்றி, வயலும் பனையும் மாறி மாறி வர, கடைசியில் நீரேரிக் கரையில் கொண்டுபோய் விடுகிறது. மக்கள் காலால் நடந்து பழகிய வீதி அது. வைகாசிப் பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கடலில் எடுக்கப்படும் உப்புநீரில் விளக்கெரிப்பது இக்கோயிலின் வழக்கம். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் பொங்கல் முடிந்த பின்னரே வற்றாப்பளையில் பொங்கல் நடைபெறும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்களும் இங்கே தங்கிச் செல்வதுண்டு. வியர்வை வடிய, சப்பாத்தும் பையுமாக வருகின்ற ஒருவரை இவ்வூரவர் வியப்போடு பார்ப்பதில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்பார்கள். கோயில் வீதிக்குள் மட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும்.

அரை மரதனுக்கு ஒட்டிய தூரம் வேண்டுமென்றால், பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையிலுள்ள கண்டி வீதியைத் தெரிவு செய்யலாம். ஒருவழிக்குச் சுமார் 10 கிலோமீற்றர் வரும். வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கின்ற அந்த ஒடுங்கிய நிலத்துக்காகவே எல்லாக் காலத்திலும் சண்டை நடந்திருக்கிறது. ஒல்லாந்தர் 1776 இல் அங்கே கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள். 1991 ஆடி மாதத்தில் படைமுகாமைச் சுற்றி நடந்த பெரும் சண்டையின்போது முன்னேறிய, விடுதலைப் புலிகளின் இரும்புக் கவசமிட்ட புல்டோசர் இன்றும் வீதியோரத்தில் இராணுவ நினைவுச் சின்னமாக நிற்கிறது. 2000 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் அத்தளத்தைக் கைப்பற்றினார்கள். 2009 ஜனவரியில் அது மீண்டும் இராணுவத்தின் கைக்குச் சென்றது. இருபக்கமும் ஆழமற்ற நீரேரியும் உப்பளமும் திறந்து கிடப்பதால் நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆடி மாதத்தில் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து விடாமல் வீசும். பரந்தனிலிருந்து தொடங்கினால் போகும்போது கால் தானாக ஓடுவதுபோலத் தோன்றும். திரும்பும்போது, களைத்த உடம்போடு எதிர்காற்றில் அகப்பட்டுக்கொள்வீர்கள். ஆகவே ஆனையிறவில் தொடங்கிப் பரந்தன் நோக்கிக் காற்றை எதிர்த்து ஓடுங்கள். உமையாள்புரத்தில் தண்ணீருக்காக ஒருவரை நிறுத்தி வையுங்கள். திரும்பும் பாதியில் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வரலாம். விடியுமுன் ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். கொழும்பிலிருந்து வரும் இரவுப் பேருந்துகள் அந்நேரத்தில் மிக வேகமாகச் செல்வதால், வீதியின் வலது ஓரமாக, வாகனங்களுக்கு முகங்கொடுத்தே ஓட வேண்டும். ஒளிபடும்போது மின்னும் மேலங்கி கட்டாயம். தண்ணீரை மட்டும் குடித்தால் போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஜீவனிப் பொதி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கரைசல் தூள்) ஒன்றைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் எந்தப் போர்க்களத்துக்கு அருகில் ஓடினாலும், தார் வீதியையும் ஊரவர் நாள்தோறும் நடக்கின்ற ஒற்றையடிப் பாதையையும் விட்டு ஓரடிகூட விலக வேண்டாம். முகமாலை, கிளாலிப் பகுதிகளில் போர் முடிந்து நீண்ட காலத்துக்குப் பின்னரும் மிதிவெடி அகற்றும் வேலை தொடர்ந்தது. சிவப்புத் தடிகளும் மண்டையோட்டுப் பலகையும் கண்ட இடத்தில் வந்த வழியே திரும்புங்கள். பலகை இல்லாத பற்றைக்காடு ஆபத்தற்றது என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒதுங்க வேண்டிய தேவை ஏற்பட்டாலும் ஒரு கடையிலோ வீட்டிலோ கேளுங்கள். படம் எடுப்பதற்காகப் பழைய மண் அணைகளின் மேல் ஏறுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். உங்கள் மகள் அதைச் செய்யவே கூடாது.

கேள்வி: கிளிநொச்சியில் தொழில் செய்கின்ற பெண் நான். இரணைமடுக் குளக்கட்டில் காலையில் தனியாக ஓட விரும்புகிறேன். வீட்டில் விடுகிறார்கள் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கையே, உங்கள் விருப்பம் நியாயமானது, வீட்டாரின் பயத்திலும் நியாயம் உண்டு. கனகராயன் ஆற்றை மறித்து, ஆங்கிலேயர் காலத்தில் 1902 இல் தொடங்கிக் கட்டப்பட்ட அந்தக் குளம், வடமாகாணத்திலேயே மிகப் பெரியது. ஆற்றங்கரையில் நேரடியாக ஓடுவதைவிடக் குளக்கட்டில் ஓடுவதே நல்லதென்று நான் எப்போதும் சொல்வேன். ஆற்றின் கரை பல இடங்களில் மணல் அகழ்ந்ததால் இடிந்து கிடக்கிறது, அதிகாலையில் டிப்பர்களும் அவ்வழியே வரும். கட்டின் மேலோ நிலம் இறுக்கமானது, பார்வை நெடுந்தூரம் செல்லும், யார் வருகிறார் போகிறார் என்பது தெரியும்.

ஆட்களே இல்லாத நேரத்தைத் தெரிவு செய்யாமல், ஆட்கள் வருகின்ற நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். விடிந்தவுடன் தோணிகள் கரைக்கு வரும். விராலும் ஜப்பான் மீனும் வாங்குவதற்கு மோட்டார் சைக்கிள்களில் வியாபாரிகள் தராசும் பெட்டியுமாகக் காத்திருப்பார்கள். கனகாம்பிகை அம்மன் கோயிலில் மணி கேட்கும். வயலுக்குத் தண்ணீர் திறப்பவர்கள் துருசடியில் நிற்பார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடுங்கள். முதல் சில வாரங்களுக்கு அம்மாவையோ சகோதரியையோ சைக்கிளில் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாலு முகங்கள் உங்களை அடையாளம் கண்டுகொண்ட பின்னர், இன்னாரின் மகள் வந்து போகிறாள் என்று அவர்களே கவனித்துக்கொள்வார்கள். ஓடி முடித்த பின்னர் கால் கழுவுவதற்காகக் குளத்தில் இறங்க வேண்டாம், முதலை உண்டு. பின்னேர ஓட்டம் அங்கே வேண்டாம் என்பதில் மட்டும் உங்கள் வீட்டாரின் பக்கமே நிற்கிறேன்.

கேள்வி: பண்டாரவன்னியன் நினைவாக எமது பாடசாலை மாணவர்களுக்கு ஓர் ஓட்டத்தை ஒழுங்கு செய்ய எண்ணுகிறோம். எந்தப் பாதை, எந்த நாள் பொருத்தம்?
– உடற்கல்வி ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: நல்ல எண்ணம் ஐயா. ஓடிக் கொண்டாடுவதற்கு உரிய போர்க்களம் வன்னியில் ஒன்று உண்டென்றால் அது உங்கள் அயலிலேயே இருக்கிறது. 1803 ஓகஸ்ட் 25 ஆம் திகதி வன்னியின் கடைசி மன்னனான பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியபோது, கப்டன் வொன் ட்ரிபேர்க்கின் தலைமையில் அங்கிருந்த ஆங்கிலப் படையினர் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றார்கள். அதற்குப் பதிலடியாக யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் அனுப்பப்பட்டன. அதே வொன் ட்ரிபேர்க் ஒக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவில் எதிர்பாராத வேளையில் தாக்கிப் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். வென்றவர்கள் தங்கள் மொழியில் பொறித்த நடுகல்லே நெடுங்காலமாக அவ்விடத்துக்கு அடையாளமாக இருந்து வந்தது. அதில் தோற்கடித்தான் என்று இருந்ததே தவிர, கொன்றான் என்று இருக்கவில்லை. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள், ஏனெனில் அன்றைய தினமே அவன் மாண்டான் என்று மேடைகளில் சொல்லக் கேட்டே அவர்கள் வளர்கிறார்கள்.

நாள், ஓகஸ்ட் 25 ஆகவே இருக்கட்டும். தோல்வியின் நாளைவிட அது பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் முன்றலில் தொடங்கிக் கற்சிலைமடுவில் முடிப்பது இளைய பிரிவினருக்குப் போதும். மூத்த பிரிவினரை முத்தையன்கட்டுக் குளம் நோக்கிய வீதியில் ஓடவிட்டுத் திருப்பி அழைத்து வரலாம். பேராற்றின் நீரைத் தேக்குகின்ற அந்தக் குளத்தின் வாய்க்கால் கரைகளில் நிழல் உண்டு. ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடம் அது. ஓட்டத்தன்று காலையில் இருவர் மோட்டார் சைக்கிளில் பாதை முழுவதும் சென்று பார்க்க வேண்டும்: வீதியில் ஈரங்காயாத இலத்தி கிடந்தாலோ, முறிந்த கிளையின் இலை வாடாமல் இருந்தாலோ, யானை அகன்று அதிக நேரமாகவில்லை என்பது பொருள். அப்படியானால் மூத்தவர்களையும் கற்சிலைமடு வீதிக்கே திருப்பிவிடுங்கள். ஆறரை மணிக்கு முன்னர் எந்தப் பிரிவையும் தொடங்க வேண்டாம்.

கேள்வி: வவுனியாவிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய, உண்மையான ஆற்றங்கரைப் பாதை எதுவும் இல்லையா?
– வாசகர், வவுனியா

பதில்: அருவியாற்றங்கரைக்குச் செல்லுங்கள். கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீரைத் திருப்புகின்ற தேக்கம் அணைக்கட்டும், குஞ்சுக்குளத்துத் தொங்குபாலமும் அந்த ஆற்றில்தான் இருக்கின்றன. மருதமர நிழலில், மணல் கலந்த கிரவல் வீதியில், மெதுவாக ஓட ஏற்ற இடம். தொங்குபாலத்தில் ஓடாமல் நடந்து கடவுங்கள்.

கேள்வி: மாரியில் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டியதுதானா?
– வாசகர், மாங்குளம்

பதில்: நிறுத்த வேண்டியதில்லை; பாதையை மாற்றினால் போதும். ஐப்பசி தொடங்கித் தை நடுப்பகுதி வரையில் குளக்கட்டுகளையும் ஆற்றங்கரைகளையும் விட்டுவிடுங்கள். இரணைமடுவில் நீர்மட்டம் 36 அடியை நெருங்கும்போது வான்கதவுகளைத் திறப்பார்கள்; 2018 டிசெம்பரில் அவ்வாறு திறந்தபோது கீழ்ப்புறத்துக் கிராமங்களுக்குள் வெள்ளம் எவ்வளவு விரைவாக ஏறியது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த மாதங்களில் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் செல்லும் தார் வீதி உங்களுக்குப் போதும். வாய்க்கால் நிரம்பி வீதிக்கு மேலால் தண்ணீர் பாயுமிடத்தில், அது கணுக்கால் அளவே இருந்தாலும், திரும்பிவிடுங்கள். மாசியில் மழை ஓய்ந்து அரிவுவெட்டுத் தொடங்கியதும் அதே வீதியின் ஒரு பாதியில் நெல்லைக் காயவிடுவார்கள். கற்களை வரிசையாக அடுக்கி எல்லை காட்டியிருப்பார்கள். நெல்லை மிதிக்காமல் மறுபாதியால் ஓடுங்கள், பின்னால் வாகனம் வந்தால் அது கடந்து செல்லும் வரையில் ஓரத்தில் நில்லுங்கள்.