தோல் தானாக உரியட்டும்

கேள்வி: எனக்கு வயது 36. விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னங்களிலும் மேலுதட்டின் மேலும் மங்கு படர்ந்துவிட்டது. பல களிம்புகளைப் பூசிப் பார்த்துவிட்டு, நான்கு நாட்களுக்கு முன் ஒரு கிளினிக்கில் ‘பீலிங்’ செய்துகொண்டேன். 15 சதவீத டி.சி.ஏ. என்று சீட்டில் எழுதியிருக்கிறது. இரண்டாம் நாள் மங்கு இருந்த இடமெல்லாம் முன்பைவிடக் கறுத்து, முகம் இறுகிவிட்டது. நேற்று முதல் வாயோரத்தில் தோல் உரிகிறது. பொறுக்க முடியாமல் இடது கன்னத்தில் தொங்கிய தோலைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது. அம்மா மஞ்சளும் பாலாடையும் பூசச் சொல்கிறார். நாத்தனார் ஒரு க்ரீமின் பெயரைச் சொல்லி, அதை வாங்கிப் போடச் சொல்கிறார். இன்னும் 12 நாளில் அவர் மகளுக்குத் திருமணம். நான் செய்தது தவறா? முகம் சரியாகுமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். எரிகிற கன்னத்தை முதலில் கவனிப்போம். விளக்கமெல்லாம் அதன் பிறகு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி அந்த இடத்தில் விடுங்கள், தேய்க்க வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். பிறகு வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாக வையுங்கள். காய்வதுபோல் தோன்றும்போதெல்லாம், நாளைக்கு நான்கைந்து முறை, இதையே செய்யலாம். புண்ணைக் காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. இப்படிப்பட்ட பச்சைத் தோலுக்கு அது பொருந்தாது. ஈரப்பசை இருந்தால்தான் ஓரங்களிலிருந்தும் ரோமக்கால்களிலிருந்தும் புதிய செல்கள் தடையின்றி நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடும். பொருக்குத் தட்டிவிட்டால் அவை அதன் அடியில் வழி தேடித் தவழ வேண்டியிருக்கும். முகத்தில் ரோமக்கால்கள் நெருக்கமாக இருப்பதால், மேலோட்டமான இந்த அளவுப் புண் பெரும்பாலும் சில நாட்களிலேயே மூடிவிடும். அதுவரை அதன்மேல் சன்ஸ்கிரீன், பவுடர், வேறு களிம்பு எதுவும் வேண்டாம். முடிந்தால் இரண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்து வெயிலில் போகாமல் வீட்டிலிருங்கள். கன்னத்தைப் படம் எடுத்து, சிகிச்சை செய்த இடத்துக்கு இன்றே அனுப்புங்கள். நாளை நேரில் காட்டுங்கள். ‘பிய்த்துவிட்டேன்’ என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். நாங்கள் இதைக் கேட்காத வாரம் இல்லை.

இனி, முகம் ஏன் கறுத்தது என்பதைப் பார்ப்போம். டி.சி.ஏ. என்பது டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம். முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டதும் வெளுத்துக் கெட்டிப்படுமே, அதுபோல இந்த அமிலம் தோலின் மேல்பகுதியில் இருக்கும் புரதத்தை உறையவைக்கிறது. பூசிய சில நிமிடங்களில் முகம் வெள்ளை பூத்ததுபோல் ஆகியிருக்கும். உறைந்த அந்தப் படலம் தன்னுள் இருந்த நிறமியோடு சேர்ந்து உலர்ந்து சுருங்குகிறது. இரண்டாம் நாள் நீங்கள் கண்ட கறுப்பும் இறுக்கமும் அதனால்தான். மங்கு கூடிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. மேல்தோலில் இருந்த மங்கின் ஒரு பகுதி உதிர்வதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. பேசும்போதும் சாப்பிடும்போதும் அசைந்துகொண்டே இருப்பதால் வாயோரம்தான் முதலில் உரியும். அங்கிருந்து கன்னம், நெற்றி, காதோரம் என்று வெளிப்பக்கமாக நகரும். பெரும்பாலும் ஏழாம் நாளில் முடிந்துவிடும். சிலருக்குப் பத்து நாள் ஆகும்.

காய்ந்த வெங்காயச் சருகு ஊதினாலே பறந்துவிடும். காயாத வெங்காயத்தில் தோலை இழுத்தால் கீழிருக்கும் சதையும் சேர்ந்துதான் வரும். முகத்திலும் இதுதான் நடக்கிறது. அடியில் புதுத்தோல் உருவாகி முடிக்கும்வரை மேலே இருக்கும் உலர்ந்த படலம் ஒரு கட்டுத்துணியின் வேலையைச் செய்கிறது. இழுத்தால் புதுத்தோலும் கிழிகிறது. தொங்கிக்கொண்டு தொந்தரவு தரும் துண்டை மட்டும் சுத்தமான சிறு கத்தரியால், ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே நறுக்கிவிடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். கை தானாகப் போகிறது என்பவர்களிடம், அந்த ஒரு வாரம் கண்ணாடிக்குத் துணி போட்டு மூடிவைக்கச் சொல்வேன்; பலருக்கு அது உதவியிருக்கிறது.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் நம்முடைய தோல்தான். நிறமிச் செல்களின் எண்ணிக்கை வெள்ளையர்களுக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நம் செல்கள் அதிகமாக வேலை செய்கின்றன. கொசுக்கடி, பரு, தோசைக்கல்லில் பட்ட சூடு, செருப்புக் கடி என எது வந்தாலும், புண் ஆறிய பிறகு பழுப்பாக ஒரு தடம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் அழற்சி ஏற்பட்டால் அந்தச் செல்கள் உடனே கூடுதலாக நிறமியைச் சுரந்துவிடுகின்றன. காயம் சற்று ஆழமானால் நிறமி கீழ்த்தோலுக்குள் விழுந்துவிடும். அங்கிருக்கும் துப்புரவுச் செல்கள் அதை விழுங்கி மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கும். அந்த ஆழத்தில் இருப்பதைக் களிம்பால் எட்டுவது கடினம். மங்கைப் போக்கச் செய்த சிகிச்சையே புதிதாக ஒரு கறுப்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் இப்படித்தான். பூசிய அமிலம் அன்றே தன் வேலையை முடித்துவிட்டது. இனி நடக்கப்போவது உங்கள் கையையும் வெயிலையும் பொறுத்தது.

வெயில் என்று எழுதும்போதே உங்கள் ஊர் நினைவுக்கு வருகிறது. பங்குனி, சித்திரை இரண்டு மாதம் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று அங்கே சொல்ல முடியாது. மூடியிருக்கும் தோலின்மேல், எரிச்சல் இல்லாவிட்டால், துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ள, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இப்போதே தொடங்கலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதுமான அளவாகும். கடுகளவு தொட்டு முகம் முழுக்க இழுத்துப் பூசிவிட்டு, ‘சன்ஸ்கிரீன் போட்டும் பயனில்லை’ என்று வருத்தப்படுகிறவர்கள் அதிகம். வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மங்கைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் நிறமியைத் தூண்டும். தோல் நிறத்தில் கிடைக்கும், இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீன் அந்த ஒளியையும் ஓரளவு தடுக்கும். உரிவது நின்றதும் அதற்கு மாறிவிடுங்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்களோடு வெயிலில் நிற்பீர்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஒரு மாதம் மரநிழலிலோ தாழ்வாரத்திலோ நில்லுங்கள். ஜன்னலோர நாற்காலியையும் மாற்றிப் போடுங்கள். கண்ணாடி எல்லாக் கதிர்களையும் தடுப்பதில்லை. புற ஊதா ஏ கதிர் ஊடுருவி வரும். ஸ்கூட்டரில் போகும்போது துப்பட்டாவை முகத்தில் இறுக்கிக் கட்டினால் அது உராய்ந்தே தோலைக் கிளப்பும். புண் மூடும்வரை ஸ்கூட்டரை விட்டுவிட்டு, குடையோடு பஸ்ஸில் போய் வாருங்கள். அடுப்புச் சூடும் மங்குக்கு ஆகாது. அனல் நேராக முகத்தில் அடிக்க நின்று சமைக்கும் வேலையை இந்த ஒரு வாரமாவது வீட்டில் வேறு யாராவது ஏற்கட்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு வருத்தம்தான்.

முகம் கழுவக் குளிர்ந்த நீரும், நுரை அதிகம் வராத மென்மையான கிளென்சரும் போதும், நாளைக்கு இருமுறை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் எரிச்சல் தந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீரைப் பயன்படுத்துங்கள். ஈரம் உலர்வதற்குள் வாசனையற்ற மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். ஆவி பிடித்தல், ஸ்கிரப், ஃபேஷியல், பிளீச், திரெட்டிங் எதுவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். முன்பு பூசிவந்த மங்குக் களிம்புகளைச் சிவப்பு முழுவதும் அடங்கிய பிறகு, உங்கள் மருத்துவர் சொல்லும் நாளில் தொடங்குங்கள்.

அம்மாவிடம் மென்மையாகச் சொல்லுங்கள். மஞ்சளின்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் திறந்த தோலில் மஞ்சள்தூளின் நறநறப்பு உராயும். மஞ்சளே சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தரும். பாலாடையோடு கிருமியும் சேர்ந்து வரலாம். எலுமிச்சைச் சாறு இவற்றைவிட ஆபத்தானது. அது பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்ததுபோல் ஆகிக் கறுத்துவிடும்.

நாத்தனார் சொன்ன க்ரீமின் பெயரை நான் இங்கே வெளியிடவில்லை. அதில் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், தோல் செல்களை வேகமாகப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கின்றன. இவ்வகைக் கலவையை 1975இல் அமெரிக்க மருத்துவர்கள் கிளிக்மன், வில்லிஸ் இருவரும் அறிமுகப்படுத்தினார்கள். மங்குக்கு இது நல்ல மருந்துதான்; ஆனால் மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும். நம் ஊரில் இதைச் ‘சிவப்பழகு க்ரீம்’ என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, நரம்போட்டம் தெரிந்து, பருவும் முடியும் வளர்ந்து, நிறுத்தினால் நெருப்பாக எரியும் நிலைக்கு வந்து சேர்வார்கள். என் வெளிநோயாளர் அறையில் அப்படி அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் இவ்வகைக் களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கி வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். உரிந்துகொண்டிருக்கும் முகத்தில் அந்த க்ரீமைத் தொடவே கூடாது. நாத்தனார் எத்தனை மாதமாகப் பூசுகிறார் என்று கேளுங்கள். நெடுநாளாக என்றால் திடீரென நிறுத்தாமல் ஒரு தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்தது தவறா என்று கேட்டீர்கள். சிகிச்சையில் தவறில்லை. தோலை உரிக்க அமிலம் பூசும் முறையை ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா 1882இலேயே எழுதியிருக்கிறார். 15 சதவீதம் என்பதும் நம் தோலுக்கு எல்லை மீறிய அளவல்ல. ஆனால் உரிந்து முடிந்ததும் மங்கு மறைந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. மங்கு கர்ப்பகால ஹார்மோன்களாலும் வெயிலாலும் பரம்பரையாலும் வருவது. ஆழத்தில் இருப்பதை மேல் உரிப்பு தொடாது. வெயில் காப்பைக் கைவிட்டால் போனதும் திரும்பி வரும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அதுவும் மங்கைத் தூண்டலாம். மாற்று வழியை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எரிச்சல் குறையாமல் நாளுக்கு நாள் வலியாக மாறினாலோ, மஞ்சள் நிறப் பொருக்கோ சீழோ கண்டாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே போய்விடுங்கள். உதட்டோரத்தில் கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் எழும்பினாலும் அப்படித்தான். உடலில் உறங்கிக்கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் அமில உரிப்புக்குப் பிறகு விழித்துக்கொள்வதுண்டு. அக்கி என்று நினைத்துக் காவி எழுதப் போய்விடாதீர்கள். வைரஸுக்கான மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முன்பு எப்போதாவது அப்படி வந்திருந்தால், அடுத்த முறை சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட்டால் தடுப்பு மாத்திரை தருவார்கள்.

அடுத்த அமர்வுக்கு அவசரம் வேண்டாம். பிய்த்த இடம் இரண்டு மூன்று வாரத்தில் பழுப்பாகத் திரும்பினால் அஞ்ச வேண்டாம். வெயில் காப்போடு சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். ஆனால் அந்தப் பழுப்பு இருக்கும்போது அதன்மேல் மறுபடி அமிலம் பூச ஒப்புக்கொள்ளாதீர்கள். பூசுகிறவர் தோல் மருத்துவர்தானா என்று கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். அழகு நிலையங்களில் இதே அமிலத்தை விகிதம் தெரியாமல் பூசி, வெந்த முகத்தோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

திருமணத்துக்கு 12 நாள் இருக்கிறது. அதற்குள் தோல் உரிந்து முடிந்திருக்கும். இளஞ்சிவப்பு கொஞ்சம் எஞ்சியிருக்கலாம். கன்னம் முழுமையாக மூடி, எரிச்சல் இல்லாமல் இருந்தால் அன்று மாய்ஸ்சரைசர், நிறமுள்ள சன்ஸ்கிரீன், மேலே லேசாக ஒப்பனை போட்டுக்கொள்ளலாம். இரவு அதைப் பஞ்சால் தேய்க்காமல் கிளென்சரால் கரைத்துக் கழுவுங்கள். புதிதாக வாங்கிய ஒப்பனைப் பொருளை அன்றுதான் முதன்முதலாக முகத்தில் போட்டுப் பார்க்க வேண்டாம். நலங்கு வைக்கும்போது உங்களுக்கும் சந்தனம், மஞ்சள் பூச வருவார்கள். கையை நீட்டிப் பூசிக்கொள்ளுங்கள், முகத்தில் மட்டும் வேண்டாம்.