கடல் தொட்டியைப் பெரிதாக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. சென்னை வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் சொந்த ஃபிளாட். கைக்கு வரும் சம்பளம் 95,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 28,000. ஆறு வயதில் மகள். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 38,000, குடும்பச் செலவு 52,000 (கரன்ட் பில்லும் தொட்டிச் செலவும் இதில் அடக்கம்), எஸ்.ஐ.பி. 10,000. அவசரத்துக்கு 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மருத்துவக் காப்பீடு கம்பெனி தருவது மட்டும்தான். டேர்ம் பாலிசி இல்லை. 2022 முதல் ஹாலில் மூன்றடி உப்புநீர் ரீஃப் தொட்டி (பவளப்பாறைக் கடலில் வாழும் உயிர்களை வளர்க்கும் தொட்டி) வைத்திருக்கிறேன். மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் கரன்ட் இல்லாமல் அனிமோன்கள் (கடல் சாமந்திகள்) போய்விட்டன, மறுபடி ஆரம்பித்தேன். இப்போது ஒரு பபிள் டிப் அனிமோன் பிரிந்து பிரிந்து ஐந்தாகியிருக்கிறது. அதில் மூன்றைத் தலா 2,500 ரூபாய்க்கு விற்றேன். ஐந்தடித் தொட்டிக்கு மாற 3.5 லட்சத்துக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். பராமரிப்புக்கு இப்போது மாதம் 2,000தான் ஆகிறது. 14 சதவீத வட்டியில் மூன்று வருட பர்சனல் லோன் எடுக்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? அனிமோன் விற்றே கடனை அடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் தொட்டியைப் பெரிதாக்கும் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. தண்ணீர் அதிகமாக இருந்தால் உப்பும் வெப்பமும் சட்டென்று மாறாது, அனிமோனுக்கு அது நல்லது. ஆசை நியாயமானதுதான். பணம் வரும் வழியும் செலவு செய்யும் வரிசையும்தான் தப்பாக இருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, மிக்ஜாமில் அனிமோன்கள் போனது. 2023 டிசம்பரில் நடந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு 3.5 லட்சத்துக்குப் போய்விட்டீர்கள். அந்தக் கொட்டேஷனில் கண்ணாடி, ஸ்டாண்ட், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், லைட், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் இருக்கின்றன. இன்வர்ட்டர் மட்டும் இல்லை. கரன்ட் போனால் தண்ணீர் ஓட்டம் நின்று ஆக்சிஜன் குறையும். ஒரு அனிமோன் செத்து அழுகத் தொடங்கினால் தொட்டித் தண்ணீரையே கெடுத்து மற்றதையும் கொண்டுபோய்விடும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் கண்ணால் பார்த்தவர். அதே அபாயத்தை இரண்டு மடங்கு பெரிதாக வாங்கப் போகிறீர்கள்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி இருக்கும். இழப்புகள் போக 1,400 கைக்கு வரும் என்று வையுங்கள். தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரும், தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பும் சேர்ந்து 60 வாட் இழுத்தால் ஏறக்குறைய 23 மணி நேரம் ஓடும். வேவ்மேக்கரை மட்டும் ஓட்டினால் இரண்டு நாள் வரை இழுக்கலாம். அதோடு பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் அளவில் முடிந்துவிடும். தொட்டிக்காக உங்கள் முதல் செலவு இதுதான்.

அடுத்து, அந்த ‘மாதம் 2,000’. இது உப்பு, தீனி, கடையில் வாங்கும் மருந்து இவற்றின் கணக்கு. கரன்ட் இதில் இல்லை, ஏனென்றால் அது வீட்டுப் பில்லோடு கலந்துவிடுகிறது. மூன்றடித் தொட்டியில் 250 வாட் சில்லர் நம்மூர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 150 யூனிட். 150 வாட் லைட் 9 மணி நேரத்துக்கு 81. ராப்பகலாக ஓடும் பம்ப், வேவ்மேக்கர், ஸ்கிம்மர் மூன்றும் சேர்ந்து 116. ஆக 347 யூனிட். வீட்டின் சாதாரண உபயோகத்துக்கு மேல் இது ஏறுவதால் மேல் அடுக்கு விலையில் போய் விழும். யூனிட்டுக்கு 10 ரூபாய் வைத்தால் மாதம் 1,735. ஆக உங்கள் தொட்டி இப்போதே மாதம் ஏறக்குறைய 3,700 சாப்பிடுகிறது.

ஐந்தடிக்குப் போனால்? 450 வாட் சில்லர், 300 வாட் லைட், இரட்டிப்பு பம்ப்புகள் என்று அதே முறையில் கூட்டினால் இரண்டு மாதத்துக்கு 663 யூனிட் வருகிறது, அதாவது மாதம் 3,315 ரூபாய். உப்பையும் பாருங்கள். 150-க்கு 60-க்கு 60 சென்டிமீட்டர் தொட்டியில் 540 லிட்டர், அதற்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்பில் ஒரு 100. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீதத் தண்ணீர் மாற்றினால் மாதம் 128 லிட்டர், லிட்டருக்கு 37 கிராம் கணக்கில் 4.7 கிலோ உப்பு. கிலோ 400 என்றால் 1,880 ரூபாய். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஃபிளாட்டில் அதுவும் காசு. தீனி, டெஸ்ட் கிட், கார்பன், கார்ட்ரிட்ஜ் எல்லாம் சேர்த்தால் மாதம் 8,000-க்குக் குறையாது. இப்போது ஆவதைவிட 4,000 ரூபாய்க்கு மேல் கூடுதல்.

லோன் எடுத்தால் இ.எம்.ஐ. ஏறக்குறைய 11,960. மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 80,000-ஐத் தாண்டும். கூடுதல் பராமரிப்பையும் சேர்த்தால் மாதம் 16,000. உங்கள் வரவு செலவில் மிஞ்சுவது 23,000. ‘சமாளித்துவிடலாம்’ என்று தோன்றும். ஆனால் ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும், தீபாவளி வரும், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். எஸ்.ஐ.பி.யை ‘இந்த ஒரு மாதம் மட்டும்’ நிறுத்தும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. என்னிடம் வருபவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன்.

எஃப்.டி.யைத் தொடவே வேண்டாம். இ.எம்.ஐ.யும் குடும்பச் செலவும் சேர்த்து மாதம் 90,000 ஆகிற வீட்டில் 4 லட்சம் என்பது நாலரை மாதத் தாக்குப்பிடிப்பு. உங்கள் வேலை போனாலும் சில்லர் நிற்கக் கூடாது என்பதால், தொட்டி வைத்திருப்பவருக்கு இந்தப் பணம் மற்றவரைவிட அதிகம் தேவை.

விற்று அடைக்கலாம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பபிள் டிப் பிரிவது உண்மைதான். ஆனால் செழிப்பாக இருக்கும்போதும் பிரியும், நெருக்கடியில் இருக்கும்போதும் பிரியும். தண்ணீர் சரியில்லாமல் பிரிந்ததை வருமானம் என்று கணக்கில் எழுதிவிடக் கூடாது. இதுவரை உங்களுக்கு வந்தது 7,500 ரூபாய். லோன் எடுத்தால் ஒரு மாத இ.எம்.ஐ.க்கே மாதம் ஐந்து அனிமோன் விற்க வேண்டும். அத்தனையை வாங்க இந்த ஊரில் ஆள் இருக்கிறார்களா? விற்றது வந்தால் தொட்டிக்கென்று தனியாகப் போட்டு வையுங்கள், வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். வரும் என்று நம்பி எந்தக் கடனையும் வாங்காதீர்கள்.

சட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ரீஃப் கட்டும் கல் பவளங்கள், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். ‘பெரிய தொட்டிக்கு அழகாக இருக்கும், ரசீது கேட்காதீர்கள்’ என்று யாராவது கல் பவளம் தந்தால், பணம் போவதோடு வழக்கும் வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து வந்தது என்று சொல்லி எது விற்றாலும் வேண்டாம். அனிமோனோடு சேர்ந்து வாழும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. வளர்ப்பில் வந்த மீனைக் கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். கூடவே, விலை மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வெளேர் அனிமோனைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே வாழும் பாசியை இழந்து வெளுத்தது அது, பெரும்பாலும் பிழைக்காது.

இப்போது உங்கள் கடைசி வரி, மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்பது. உங்கள் சம்பளம் 95,000. இ.எம்.ஐ., குடும்பச் செலவு, எஸ்.ஐ.பி. மூன்றும் சேர்த்து ஒரு லட்சம். அதாவது உங்கள் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை, 5,000 குறைகிறது. நீங்கள் ‘மிச்சம்’ என்று நினைக்கும் 23,000-மும் உங்கள் மனைவியின் சம்பளத்திலிருந்து வருவது. லோன் உங்கள் பெயரில் இருந்தாலும் கட்டப்போவது அவர்தான். இதை அவரிடம் சொல்லாமல் செய்வது சரியில்லை. கொட்டேஷனையும் மேலே சொன்ன மாதக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். தொட்டி வந்ததிலிருந்து அந்த ஹாலில் அவரும்தான் வாழ்கிறார். தொட்டியைப் பற்றி அவருக்கும் ஒரு ஆசையோ பயமோ இருக்கும்.

அந்தப் பேச்சில் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடத்தில் கடல் சாமந்தி என்று படித்தோமே, அதன் ஆயுள் சாதாரணமானதில்லை. ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்பவர் 1828-ல் கடற்கரையிலிருந்து ஒன்றை எடுத்து ஜாடியில் வளர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகும் கைமாறி வளர்ந்து, 1887 வரை அது உயிரோடு இருந்தது. ‘கிரானி’, அதாவது பாட்டி என்றே அதற்குப் பெயர். உங்களுடையது வேறு இனம், ஆனாலும் நன்றாகப் பார்த்துக்கொண்டால் உங்கள் வீட்டுக் கடன் முடிந்த பிறகும் இருக்கக்கூடிய உயிர். மூன்று வருட இ.எம்.ஐ.யோடு இந்தச் செலவு முடிவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் 1 கோடிக்கு டேர்ம் பாலிசி, அப்புறம் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதனால் முன்பைவிடச் சுமை குறைவு. இரண்டுக்கும் சேர்த்து மாதம் 3,000 முதல் 4,000 ஒதுக்குங்கள். இன்வர்ட்டரை அடுத்த இரண்டு மாத மிச்சத்தில் வாங்கிவிடுங்கள். அதன்பின் மாதம் 12,000 ஆர்.டி. கிட்டத்தட்ட அந்த இ.எம்.ஐ. தொகைதான், ஆனால் வட்டி உங்களுக்கு வரும். 27, 28 மாதத்தில் 3.5 லட்சம் சேர்ந்துவிடும். நடுவில் இரண்டு மூன்று மாதம் கட்ட முடியாமல் போனால், லோன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

நானாக இருந்தால் நான்கடியில் நின்றுவிடுவேன். 120-க்கு 50-க்கு 50 என்றால் 300 லிட்டர், இப்போது இருப்பதைவிட நூறு லிட்டருக்கு மேல் கூடுதல். இப்போதைய ஸ்கிம்மர், பம்ப்புகளை அப்படியே மாற்றலாம். சில்லர் தாங்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்கினால் தொட்டி, ஸ்டாண்ட், இன்னொரு லைட், குழாய் வேலை, உப்பு எல்லாம் சேர்த்து 1.3 லட்சத்துக்குள் முடிக்கப் பாருங்கள். பதினோரு மாத ஆர்.டி. போதும்.

ஐந்தடிதான் என்று இருவரும் முடிவு செய்தால், முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுத் தளத்தைக் காட்டுங்கள். குடியிருப்பு அறைகளைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். உங்கள் தொட்டி தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் 800 கிலோவோடு உட்காரும். எந்தச் சுவரை ஒட்டி, எந்த பீமுக்கு மேல் வைக்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்வர்ட்டரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயினை அணைத்து, பேட்டரியில் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்து, நேரத்தை ஸ்டாண்டின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது எந்தப் பிளக்கை எதில் மாற்ற வேண்டும் என்பதையும் அன்றே மனைவிக்குச் செய்து காட்டிவிடுங்கள்.