பந்தயத்துக்கு மரத் துடுப்பு: வாங்குவதா, செய்துகொள்வதா?

கேள்வி: ஸ்டாண்ட் அப் பேடில் பந்தயங்களில், அதாவது பலகையின் மேல் நின்றபடி துடுப்பு வலிக்கும் பந்தயங்களில், கலந்துகொண்டு வருகிறேன். மரத் துடுப்பு அழகுக்குத்தான் உதவும், பந்தயத்துக்குக் கார்பன் இழைத் துடுப்புதான் சரி என்று உடன் வலிப்பவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? மரத்தில் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பந்தயத்துக்கான கார்பன் துடுப்புகள் பெரும்பாலும் 400 முதல் 500 கிராமுக்குள் அடங்கிவிடும். நன்றாக இழைத்த மரத் துடுப்பு 600 கிராமுக்குக் கீழே வருவது அரிது. நிமிடத்துக்கு 45 முறை வலிப்பவர் ஒரு மணி நேரத்தில் 2,700 முறை துடுப்பை நீரிலிருந்து எடுத்து முன்னே கொண்டுபோகிறார் என்பதால், 200 கிராம் வித்தியாசம்கூட மொத்தத்தில் 540 கிலோவைக் கூடுதலாகத் தூக்குவதற்குச் சமம். குறுந்தூர வேகப் போட்டி மட்டுமே உங்கள் இலக்கு என்றால் நானும் கார்பனைத்தான் பரிந்துரைப்பேன். நீண்ட தூரம் வலிப்பவர்களுக்கு மரத்தண்டின் மெல்லிய வளைவு ஒரு வசதி. துடுப்பு நீரைப் பற்றும் கணத்தின் அதிர்ச்சியில் ஒரு பகுதியைத் தண்டே வாங்கிக்கொள்வதால் தோளுக்கும் முழங்கைக்கும் அது இதமாக இருக்கும்.

ஆனால் கடையில் பலரும் மொத்த எடையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த எடை எங்கே இருக்கிறது என்பதே மரத் துடுப்பில் முதலில் கேட்கவேண்டியது. ஒரே நீளமும் ஒரே எடையும் கொண்ட இரண்டு துடுப்புகளில், நீருக்குள் செல்லும் அகன்ற அலகு கனமாக இருப்பது வீசும்போது கூடுதல் பாரமாகத் தெரியும். துடுப்பை ஒரு விரலின் மேல் கிடையாக நிறுத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அது அலகிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கைப்பிடியைத் தடித்த மரத்தில் செய்து இந்தப் புள்ளியை மேலேற்றிவிடவும் முடியும் என்பதால், மொத்த எடையையும் சேர்த்தே பாருங்கள்.

அடுத்து, கைப்பிடிப் பக்கமிருந்து ஒரு கண்ணால் தண்டு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அலகின் நுனியைத் தரையில் ஊன்றித் தண்டின் நடுவே மெதுவாக அழுத்துங்கள். தண்டு வளையலாம், அலகு ஒரு பக்கமாகத் திருகக் கூடாது. திருகினால் நீரிலும் அது இடவலமாக ஆடும். மரத்தின் ரேகை தண்டின் நீளவாக்கில் இடையறாமல் ஓடவேண்டும்; குறுக்கே வெளியேறும் ரேகையோ கணுவோ கண்ணில் பட்டால், வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

கேள்வி: நீளத்தையும் அலகின் பரப்பையும் எப்படி முடிவு செய்வது?

பதில்: பந்தயத்துக்கு உங்கள் உயரத்தைவிட 15 முதல் 25 செ.மீ. கூடுதலான நீளத்தில் தொடங்கலாம். தடித்த காற்றடைத்த பலகையில் நிற்பவர் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்பதால் சற்றுக் கூடுதலாகவும், நிற்குமிடம் குழிந்த பந்தயப் பலகையில் நிற்பவர் சற்றுக் குறைவாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். அலகின் பரப்பு 80 முதல் 100 சதுர அங்குலத்துக்குள் இருப்பது வழக்கம். உடல் எடை குறைந்தவர்களும் வேகமான தாளத்தில் வலிப்பவர்களும் சிறியதையே எடுக்கலாம். பெரிய அலகு முதல் சில நிமிடங்கள் பலம் தருவதாகத் தோன்றி, பிறகு தோளைக் களைப்பாக்கிவிடும்.

கேள்வி: ஓரளவு தச்சு வேலை தெரியும். நானே செய்துகொள்ளலாமா? எந்த மரம் நல்லது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஒரே மரத்தில் முழுத் துடுப்பையும் செய்ய முயலாதீர்கள். அலகுக்குப் பவுலோனியா அல்லது மேற்கத்தியச் செந்நிற சீடர் போன்ற இலேசான மரம், தண்டுக்கு ஸ்புரூஸ் மரம், அடிபடும் நுனிக்கும் ஓரத்துக்கும் மட்டும் ஆஷ் போன்ற கடினமான மரத்தின் மெல்லிய கீற்று. முழுவதும் ஆஷ் மரத்திலேயே செய்தால் துடுப்பு உடையாதுதான், பந்தயத்துக்கும் ஆகாது.

பந்தயத் துடுப்பின் அலகு தண்டின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வைப் பலகையிலிருந்து வெட்டி எடுத்தால், தண்டும் அலகும் சேரும் கழுத்துப் பகுதியில் ரேகை அறுபட்டு, துடுப்பு அங்கேதான் முறியும். அதற்குப் பதிலாக, 4 அல்லது 5 மி.மீ. கனமுள்ள மரக் கீற்றுகளை எபாக்சி பசை தடவி அடுக்கி, சாய்வுள்ள ஓர் அச்சின் மேல் வளைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினால், நார் அறுபடாமல் வளைவோடு சேர்ந்து ஓடும். வீட்டுக்குள் பயன்படும் சாதாரண மரப் பசை நீரில் தாங்காது.

அலகின் இருபுறமும் சதுர மீட்டருக்கு 135 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியை ஒரு படலம் எபாக்சியில் ஒட்டினால் போதும். இரண்டாவது படலம் போடும் ஆசை பலருக்கும் வரும், அது வேண்டாத இடத்தில் எடையைத்தான் கூட்டும். எபாக்சி வெயிலில் சிதையும் என்பதால், இறுகிய பின் மேற்பரப்பை நீரால் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை அதன்மேல் பூசுவது கட்டாயம். கைப்பிடிக்கு வார்னிஷ் வேண்டாம், எண்ணெய் போதும், கொப்புளம் குறையும். அந்தக் கைப்பிடியைச் சூட்டில் இளகும் பசையால் ஒட்டுங்கள். சில முறை வலித்துப் பார்த்தபின் கழற்றி, தண்டின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

சீடர் மரத்தூள் நுரையீரலுக்கும், இறுகாத எபாக்சி தோலுக்கும் ஒவ்வாமை தரக்கூடியவை. முகமூடியும் கையுறையும் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கேள்வி: பழைய மரத் துடுப்பு ஒன்று விலைக்கு வருகிறது. அலகின் ஓரத்தில் கருமையான கறை இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கண்ணாடி இழைக்கு அடியில் தெரியும் கருமை, ஓரத்தில் விரிசல் விழுந்து நீர் உள்ளே போயிருப்பதன் அடையாளம். அந்த இடத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். மற்ற இடங்களில் கேட்கும் கெட்டியான ஒலி இல்லாமல் மந்தமாக ஒலித்தாலோ, அழுத்தும்போது அமுங்கினாலோ விட்டுவிடுங்கள். மரம் கெட்டியாக இருந்து, கறையும் விரலகலத்துக்குள் அடங்கியிருந்தால், அந்த இடத்து இழைத் துணியைச் சுரண்டி எடுத்து, மரத்தை நன்றாக உலரவிட்டு, மறுபடி எபாக்சி போட்டு மூடிவிடலாம். கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.