ரசாயனத்தால் நேராக்கிய முடியிலிருந்து இயல்பான சுருட்டை முடிக்குத் திரும்புவது எப்படி?

பல ஆண்டுகளாக ரிலாக்ஸர் போட்டு முடியை நேராக்கி வந்த நீங்கள், அதை நிறுத்திவிட்டு இயல்பான சுருட்டை முடிக்குத் திரும்ப விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரேயடியாக வெட்டிக்கொள்ளாமல் அது முடியுமா, அந்த இடைக்காலத்தில் அன்றாடப் பராமரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. நானும் இதைக் கடந்து வந்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடியும். ஆனால் தொடங்குவதற்கு முன் ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டால் பணமும் நேரமும் மிச்சமாகும்: ஏற்கெனவே நேராக்கப்பட்ட முடி, எந்த எண்ணெய் தேய்த்தாலும் எந்த ஹேர் மாஸ்க் போட்டாலும் மீண்டும் சுருளாது. முடி பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைப் பிணைத்து முடிக்கு வலுவையும் வடிவத்தையும் தருவதில் கந்தகப் பிணைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு, குவானிடின் ஹைட்ராக்சைடு போன்றவற்றால் ஆன ரிலாக்ஸர்கள் மிகக் கடுமையான காரத்தன்மை கொண்டவை. பிணைப்பில் உள்ள இரண்டு கந்தக அணுக்களில் ஒன்றை அகற்றி, அதை லாந்தியோனின் என்னும் வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுகின்றன. அகன்ற அணுவைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் பொருள் எதுவும் கடையில் இல்லை. சேதமடைந்த முடியைப் 'புதுப்பிக்கிறது' என்று புட்டியின் மேல் எழுதியிருந்தால், முடியின் மேற்பரப்பை வழுவழுப்பாக்குகிறது என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள்.

நேரான பகுதியைப் பெர்மிங் செய்து சுருளாக்கிவிட்டால் காத்திருக்க வேண்டாமே என்ற எண்ணம் பலருக்கு வரும். அது ஆபத்து. பெர்மிங்கிலும் ரீபாண்டிங்கிலும் பயன்படும் தயோகிளைகோலேட் வகை ரசாயனமும் ஹைட்ராக்சைடு வகை ரிலாக்ஸரும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை; ஒன்று போட்ட முடியின் மேல் மற்றொன்றைப் போட்டால் முடி கொத்துக் கொத்தாக அறுந்து வந்துவிடும்.

ரிலாக்ஸர் மாற்றுவது தோலுக்கு வெளியே இருக்கும் முடியை மட்டுமே. களிம்பு பட்டுப் புண்ணாகித் தழும்பு விழுந்த இடங்களைத் தவிர, மயிர்க்கால்கள் தம் பழைய வடிவத்திலேயே இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் புதிய முடி தானாகவே சுருண்டு வரும். தலைமுடி சராசரியாக மாதத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வரையில், ஆண்டுக்கு ஏறத்தாழ 15 செ.மீ. வளர்கிறது. ஆகவே உங்கள் வேலை பழைய முடியைக் குணப்படுத்துவது அன்று. புதியது போதிய நீளத்துக்கு வரும்வரை பழையதைத் தாக்குப்பிடிக்க வைப்பதும், வந்த பிறகு அதை வெட்டி எறிவதும்தான். சிறு வயதில் இருந்த அதே சுருள்தான் வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வயதும் ஹார்மோன் மாற்றங்களும் சுருளின் இறுக்கத்தை மாற்றக்கூடியவை.

இந்த இடைக்காலத்தின் தொல்லை முழுவதும் ஓர் இடத்தில் குவிந்திருக்கிறது. ஒரு மயிரிழையை வேரிலிருந்து நுனி நோக்கி இரு விரல்களுக்கு இடையே மெல்ல உருவிப் பாருங்கள். சில செ.மீ. தூரம் மேடும் பள்ளமுமாக, நெளிநெளியாகத் தட்டுப்படும். பிறகு திடீரென்று வழுக்கிக்கொண்டு போகும். அந்த மாற்றம் நிகழும் புள்ளிதான் எல்லைக்கோடு. அதற்கு மேலே உள்ள பகுதி நனைந்தால் சுருங்குகிறது, கீழே உள்ளது தொங்குகிறது. சீப்பு இழுக்கும்போது இரண்டும் வெவ்வேறு விதமாக இழுபடுவதால், பலவீனமான பக்கம் அந்தப் புள்ளியில் அறுந்துவிடுகிறது. வெட்டாமலேயே முடி குட்டையாகிறது என்று பலர் வருந்துவதற்கு இதுதான் காரணம். எனவே எந்தப் பழக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளந்து பாருங்கள்: இது அந்த எல்லைக்கோட்டை இழுக்கிறதா, இல்லையா?

உடனே குட்டையாக வெட்டிக்கொள்வது துணிச்சல் என்றும் மெல்ல வளர்ப்பது தயக்கம் என்றும் சிலர் பேசுவது எனக்கு ஏற்புடையதன்று. வெட்டிக்கொண்டால் இரண்டு வகை முடியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை; பராமரிப்பு எளிது. ஆனால் குட்டை முடியில் தம்மைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காதவர்கள் விரைவிலேயே மீண்டும் ரிலாக்ஸரைத் தேடிப் போய்விடுவார்கள். நான் மெல்ல வளர்த்து, அவ்வப்போது நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வழியையே எடுத்துக்கொண்டேன். வளர்ச்சியின் அளவுக்கே நுனியை வெட்டிக்கொண்டு வந்தால் மொத்த நீளம் அப்படியே இருக்கும், நேரான பகுதி மட்டும் குறைந்துகொண்டே வரும். நுனியை வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பது மட்டும் தவறு. வளர்ச்சி நடப்பது வேரில், நுனிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இனித் தலை குளிப்பது. சுருட்டை முடியில் தலைத்தோலின் எண்ணெய்ப் பசை வளைவுகளைத் தாண்டி நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. ஆகவே வேர் பிசுபிசுப்பாகவும் நுனி வறண்டும் இருப்பது இயல்புதான். ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனிகளால் தேய்த்து, வழிந்து வரும் நுரையே கீழ்ப்பகுதியைச் சுத்தம் செய்துகொள்ள விடலாம். பெரும்பாலானோருக்கு வாரம் ஒருமுறை அல்லது இருமுறை போதும்; வியர்வையும் பொடுகும் அதிகம் இருந்தால் கூடுதலாகக் குளிப்பதில் தவறில்லை. ஷாம்புவே ஆகாது என்று மாதக்கணக்கில் ஒதுக்கிவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிக்கு எடுப்பதில்தான் அதிக முடி பறிபோகிறது, அதனால் இங்கே அவசரம் கூடாது. தலையை நான்கு அல்லது ஆறு பகுதிகளாக வகிடெடுத்துக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை மட்டும் விடுவித்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, முதலில் விரல்களாலேயே முடிச்சுகளைப் பிரியுங்கள். பிறகு அகலமான பற்கள் கொண்ட சீப்பை நுனியில் வைத்துத் தொடங்கி, படிப்படியாக மேலே நகருங்கள். எல்லைக்கோட்டை நெருங்கும்போது, அந்தப் புள்ளியும் அதற்குச் சற்றுக் கீழே உள்ள முடியும் மறு கைக்குள் அடங்கும்படி இறுகப் பிடித்துக்கொண்டால் சீப்பின் இழுப்பு அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேராது. சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் வாரினால் அறுகிறது. ரசாயனம் பட்ட முடியோ சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது ரப்பர் போல இழுபட்டு அறுகிறது. இரண்டையும் கருதினால், ஈரம் ஓரளவு வடிந்து, கண்டிஷனரின் வழுவழுப்பு இருக்கும் நிலையே சிக்கு எடுக்கச் சரியான நேரம். வாரி முடித்து அலசிய பின் துண்டால் பரபரவென்று துவட்டாமல், பழைய பருத்தி பனியனால் ஒற்றி எடுத்தால் போதும்.

வேரில் சுருள், நுனியில் நேர் என்ற இரட்டைத் தோற்றத்தை ஸ்ட்ரெய்ட்னரால் மறைக்கத் தோன்றும். அதைவிட, நேரான பகுதியைச் சுருளுக்கு ஏற்ப மாற்றுவதே மேல். ஈரப்பதம் இருக்கும்போது முடியை இரு கற்றைகளாகப் பிரித்துக் கயிறு போல முறுக்கியோ, தளர்வாகப் பின்னியோ, நுனியை மென்மையான ரோலரில் சுற்றியோ விட்டு, முழுக்க உலர்ந்த பிறகு பிரித்தால் தலை முழுவதும் ஒரே சீரான நெளிவு கிடைக்கும். நீரில் கலையும் ஹைட்ரஜன் பிணைப்புகள் உலரும்போது புதிய வடிவத்தில் கூடுவதால் இது நடக்கிறது. அடுத்த முறை நனையும்வரை பெரும்பாலும் நிற்கும். அரைகுறையாக உலர்ந்த நிலையில் பிரித்தால் பரட்டையாகிவிடும்.

ஸ்ட்ரெய்ட்னரைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அதிக வெப்பம் புதிதாக வளரும் சுருளையும் நிரந்தரமாகத் தளர்த்திவிடும் என்பது. எந்தச் சுருளுக்காகக் காத்திருக்கிறீர்களோ அதையே இழப்பீர்கள். எப்போதாவது கட்டாயம் என்றால், நன்றாக உலர்ந்த முடியில், வெப்பத் தடுப்பு சீரம் தடவி, 180 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஒரே ஒருமுறை மட்டும் இழுங்கள். ஈர முடியில் சூடான கருவியை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள் குமிழிகளை உண்டாக்கும். குமிழி விழுந்த இடத்தில் முடி முறிந்துவிடும்.

எண்ணெயைப் பற்றிக் கருத்துகள் பல உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவக்கூடியது. தேங்காய் எண்ணெயை மினரல் ஆயிலோடும் சூரியகாந்தி எண்ணெயோடும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, குளியலின்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று காட்டியது. ஆகவே குளிப்பதற்கு முன் நீளம் முழுவதும், குறிப்பாக எல்லைக்கோட்டிலும் நுனியிலும் தடவிக்கொள்வது பயனுள்ளது. எண்ணெய் முடிக்கு ஈரப்பதத்தைக் கொடுக்காது, இருப்பதை வெளியேறாமல் தடுக்கும். வறண்ட முடியின் மேல் எண்ணெயை மட்டும் பூசிவிட்டு ஈரப்பதம் வரும் என்று காத்திருப்பதில் பலனில்லை. முதலில் தண்ணீர் அல்லது கழுவ வேண்டாத கண்டிஷனர், அதன் மேல் சில துளி எண்ணெய் என்பதே வரிசை. ரசாயனம் பட்ட பகுதி நனைந்தால் குழைந்து தொய்கிறது என்றால், நீராற்பகுத்த புரதம் (சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம்; புட்டியில் 'ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன்' என்றிருக்கும்) சேர்ந்த கண்டிஷனரை மாதத்தில் ஓரிரு முறை பயன்படுத்தலாம். அளவு மீறினால் முடி விறைத்து மொடமொடவென்று ஆகிவிடும். வழுவழுப்புக்காகக் கண்டிஷனரிலும் சீரத்திலும் சேர்க்கப்படும் சிலிக்கோன் விஷம் அன்று. உராய்வைக் குறைப்பதால் இந்தக் காலத்தில் நல்லதும்கூட.

உறங்கும்போது பருத்தித் தலையணை உறை முடியை உரசிக்கொண்டே இருக்கும். சாட்டின் அல்லது பட்டுத் துணியால் தலையைச் சுற்றிக்கொள்ளலாம், அல்லது உறையையே மாற்றிவிடலாம். இரண்டு வகை முடியையும் அடக்குவதற்காக இறுக்கமாகக் கொண்டை போடுவதும் நெற்றி வலிக்கும்படி பின்னுவதும் கூடாது. தொடர்ந்த இழுப்பால் நெற்றியோரத்தில் ஏற்படும் வழுக்கை, கவனிக்காமல் விட்டால் நிரந்தரமாகிவிடும். பின்னல் போட்ட இடத்தில் வலியோ சிறு கொப்புளங்களோ தெரிந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். முகத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு: முடிக்குத் தடவும் கெட்டியான க்ரீமும் எண்ணெயும் நெற்றியில் வழிந்து துளைகளை அடைத்துப் பருவை உண்டாக்கும். தலையை அலசி முடித்த பிறகு கடைசியாக முகத்தைக் கழுவுவது, க்ரீமை நெற்றி ஓரத்திலிருந்து சற்று விலக்கியே தடவுவது, இவை இரண்டுமே பெரும்பாலும் போதும். மென்மையான ஃபேஸ் வாஷ், ஒரு மாய்ச்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் ஆகியவற்றைத் தாண்டி அன்றாடத்துக்கு எதுவும் தேவையில்லை. முடியைக் குறைத்துக்கொண்டவர்கள், இதுவரை மறைந்திருந்த காது மடலிலும் பின்கழுத்திலும் சன்ஸ்கிரீன் தடவ மறந்துவிடுகிறார்கள்.

உதிரும் முடியைப் பார்த்துப் பதறுவதற்கு முன் அதை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து தன் காலம் முடிந்து விழுந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் அது அறுந்தது. சீப்பையும் கட்டும் முறையையும் மாற்ற வேண்டும். குமிழோடு உதிர்வது திடீரென்று அதிகரித்தாலோ, உச்சியில் வட்டமாக முடி மெலிந்து தோல் பளபளத்தாலோ, தோல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ இருந்தால் எந்த எண்ணெயும் உதவாது.

பாதி வழியில், வேர்ப்பகுதிக்கு மட்டும் ஒருமுறை டச்-அப் செய்துகொள்ளலாமா என்ற சபலம் நிச்சயம் வரும்; அழகு நிலையத்தில் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்துகொள்ளச் சொல்வார்கள். கெரட்டின் என்று பெயர் இருந்தாலும், அவற்றில் பல சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிடுபவை; உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நேராக்கும் ரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் மதிப்பிட்டார்கள். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதுவே காரணம் என்று நிறுவவில்லை. இதுவரை போட்டதை எண்ணி அஞ்சத் தேவையில்லை. மீண்டும் தொடங்காமல் இருக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசி வெட்டைப் பற்றி ஒன்று. சுருட்டை முடி உலரும்போது மிகவும் சுருங்கும். இறுக்கமான சுருளாக இருந்தால் நனைந்த நீளத்தில் பாதிகூடத் தெரியாமல் போகலாம். ஈரத்தில் இழுத்துப் பிடித்துத் தோள்வரை வெட்டச் சொன்னால், உலர்ந்ததும் அது காதோரம் வந்து நிற்கும். எனவே தலை குளித்து, எதையும் தடவாமல் இயல்பாக உலர விட்டு, சுருள் எங்கே முடிகிறது என்று தெளிவாகத் தெரியும் நிலையில், சுருட்டை முடியை வெட்டிப் பழகியவரிடம் போய், கற்றை கற்றையாக எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே வெட்டச் சொல்லுங்கள். நேரான நுனி ஓரிரண்டு கற்றைகளில் விட்டுப்போனாலும் அடுத்த முறை நனைக்கும்போது அது தனியே தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்; அப்போது நீங்களே கத்தரித்துக்கொள்ளலாம்.