ஊர்ல எல்லார்கிட்டயும் ஒரு அட்வைஸ் இருக்கு: சிலந்தி வளர்க்கறவங்களுக்கான கேள்வி பதில்

போன இதழ்ல டராண்டுலா வளர்க்கறத பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டர்ல பாதிக்கு மேல சிலந்திய பத்தியே இல்ல, சிலந்திய பாத்துட்டு முன்ன பின்ன தெரியாதவங்க சொல்லிட்டு போன அட்வைஸ பத்திதான். சரி, இந்த மாசம் அதையே எடுத்துக்கலாம்.

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த். என்கிட்ட ஒரு கர்லி ஹேர் டராண்டுலா இருக்கு, பொண்ணு. பெட் ஷாப்ல அதுக்கு தீனியா கிரிக்கெட் பூச்சி வாங்க க்யூல நின்னா பின்னாடி நிக்கறவர் "ஹீட் லாம்ப் போட்டிருக்கியாம்மா, இல்லன்னா செத்துரும்"ங்கறார். கல்யாண ஹால்ல யாரோ ஒரு அங்கிள், "தண்ணி கிண்ணம் வைக்காத, மூழ்கிரும், ஸ்பாஞ்ச் நனைச்சு வை". பைப் ரிப்பேர் பண்ண வந்தவர் "தனியா கெடக்கு பாவம், ஜோடி வாங்கிப் போடு"ன்னார். கடைசியா ஒருத்தர், தினமும் கையில எடுத்தா பழகிரும்னு. இதுல எதைத்தான் கேக்கறது?

பதில்: ஒண்ணையும் கேக்காத தங்கச்சி. ஆனா ஏன் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கோ, கோவம் பாதி குறையும். இவங்க யாரும் பொய் சொல்லல, ஒவ்வொருத்தரும் வேற ஏதோ ஒரு பிராணிக்கு சரியான விஷயத்த உன் சிலந்தி தலையில கட்டறாங்க. ஹீட் லாம்ப்காரர் வீட்ல கண்டிப்பா ஒரு பல்லி ஜாதி இருக்கும், பியர்டட் டிராகன் மாதிரி, அதுக்கு வெயில் காயணும். ஜோடி கேட்டவர் லவ்பேர்ட்ஸ் வளர்த்தவரா இருப்பார்.

உன் சிலந்தியோட பூர்வீகம் கோஸ்டா ரிக்கா, நிகராகுவா, ஹோண்டுராஸ் பக்கம். அங்க வெயில் ஏறினா அது மண்ணுக்குள்ள இறங்கிரும், தரைக்கு கீழ எப்பவும் குளுமை. மேல லாம்ப் போட்டா பெட்டி காஞ்சு போகும், அடியில ஹீட் மேட் வெச்சா இன்னும் மோசம், சூட்டுக்கு தப்பிக்கன்னு கீழ தோண்டுது, தோண்ட தோண்ட சூடுதான் கூடுது, அதுக்கு புரியற மாதிரி ஒரே வழி அதுதானே. டர்பன் குளிர்காலம் எல்லாம் ஒரு குளிரா? வீட்டுக்குள்ள 20 டிகிரி கிட்ட இருந்தா போதும், உனக்கு ஸ்வெட்டர் வேணாம்னா அதுக்கும் ஹீட்டர் வேணாம்.

ஸ்பாஞ்ச் கதை பழைய கதை, பெட் ஷாப்ல ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றது. டராண்டுலாவுக்கு மூச்சு விடற உறுப்பு வயித்துக்கு அடிப்பக்கம், ரெண்டு ஜோடி. குடிக்கறப்ப வாய மட்டும் தண்ணியில வெச்சிட்டு வயித்த வெளிய வெச்சுக்கும், அதனால கிண்ணத்துல மூழ்காது. மூழ்கறது கிரிக்கெட் பூச்சிதான், அதுக்காக ஒரு கூழாங்கல் போட்டு விடு, அது பிடிச்சு ஏறிக்கும். ஈர ஸ்பாஞ்ச ரெண்டு நாள் விட்டு மோந்து பாரு, என்ன நாத்தம் நாறுதுன்னு தெரியும், அத போய் சிலந்தி உறிஞ்சணுமா?

ஜோடி போட்டா காலையில ஒண்ணுதான் இருக்கும், அதுவும் வயிறு பெருத்து. (கூட்டமா இருக்கற வகை இல்லாம இல்ல, ஏமன் பக்கத்துல சொகோத்ரா தீவுல இருந்து வர்ற ஒரு நீலக்கால்காரி அப்படி, ஆனா அத வெச்சு உன்னோடத பரிசோதனை பண்ணாத.) கையில எடுத்தா பழகும்ங்கறதும் கிடையாது, அதுக்கு உன் கை ஒரு சூடான தரை, அவ்வளவுதான். இடுப்பு உயரத்துல இருந்து நழுவி விழுந்தாலே வயிறு கிழிஞ்சிரலாம், ஒட்ட வைக்க முடியாது. அதோட இந்த வகை பயந்தா பின்னங்காலால வயித்து முடிய தேய்ச்சு பறக்க விடும், தோல்ல பட்டா அரிப்பு, கண்ணுல பட்டா டாக்டர்கிட்ட ஓடணும். பெட்டிய சுத்தம் பண்ணிட்டு கை கழுவாம கண்ண கசக்காத.

இத்தன பேர்ல ஒருத்தர் கூட மூடிய பத்தி கேக்கல பாரு. மண்ணு நிறைய போடு, மண்ணுல இருந்து மூடி வரைக்கும் உயரம் அது கால விரிச்சா வர்ற அகலத்துல ஒண்ணரை மடங்குக்கு மேல வேணாம், விழுந்தாலும் அடி படாது, மூடிக்கு கிளிப் போடு. இனிமே யாராவது அட்வைஸ் ஆரம்பிச்சா "எந்த சிலந்தி அங்கிள், எந்த ஊருல வளர்த்தீங்க"ன்னு ரெண்டு கேள்வி கேளு. பதில் வந்தா உக்காந்து கேளு, ஏன்னா நிஜமா வளர்த்தவங்க அப்பதான் வாய தொறப்பாங்க.

கேள்வி: நான் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருக்கேன், வயசு அறுபத தாண்டியாச்சு. பக்கத்து வீட்டுக்கு கூழ் குடுக்க போனேன், அந்த பையன் ரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள பெரிய எட்டுக்கால் பூச்சி மல்லாக்க கெடந்துச்சு, எட்டு காலும் மேல. "செத்துப் போச்சு தம்பி, வெளிய எடுத்துப் போடு, வீட்டுக்கு ஆகாது"ன்னு பெட்டிய தட்டிப் பாத்தேன். அந்த பையன் போட்ட சத்தம் இருக்கே! நல்லதுக்கு சொன்னது தப்பா?

பதில்: அம்மா, சொன்னது தப்பு இல்ல, தட்டினதுதான் கொஞ்சம் இடிக்குது. அது சாகல, சட்டை உரிச்சுட்டு இருந்திருக்கு. பாம்பு உரிக்கறது நமக்கு தெரியும், சிலந்தி உரிக்கறத பாத்தவங்க கம்மி, அதனால உங்கள மாதிரி பயந்தவங்க நிறைய பேர் இருக்காங்க.

நடக்கறது என்னன்னா, முதல்ல பல நாள் சாப்பிடாது, சில வகையில மாசக்கணக்குல. வயித்துல முடி உதிர்ந்த இடம் இருந்தா அது கருத்துக்கிட்டே வரும். அப்புறம் தரையில மெல்லிசா நூல் விரிச்சு அது மேல மல்லாக்க படுத்துக்கும், அசைவே இருக்காது, பாக்கறவங்களுக்கு பக்குன்னு இருக்கும். கொஞ்ச நேரத்துல முன்பாதி உடம்போட முதுகுப் பக்கத்து ஓடு மட்டும் தனியா திறந்துக்கும். அதுக்கப்புறம்தான் கஷ்டம், எட்டு கால், முன்னாடி ரெண்டு சின்ன கை, கடிக்கற பல்லு, அத்தனையும் பழைய தோலுக்குள்ள இருந்து இழுத்து இழுத்து வெளிய கொண்டு வரணும், இறுக்கமான கையுறைய கழட்டற மாதிரி, ஆனா கழட்டி விட இன்னொரு கை இல்லாம. பெருசுக்கு மணிக்கணக்கு ஆகும். வெளிய வந்த உடனே பாத்தீங்கன்னா பல்லு வெள்ளையா இருக்கும், அப்புறம் செவக்கும், கடைசியாதான் கருப்பாகி கெட்டியாகும். அது வரைக்கும் உடம்பெல்லாம் அவ்வளவு மெத்துனு இருக்கறதால உள்ள விட்ட ஒரு கிரிக்கெட் பூச்சியே அத கடிச்சு கொன்னு போட்டுரும். அந்த நேரத்துல பெட்டிய தட்டினா, நகத்தினா, கால் பாதியில சிக்கிக்கலாம். பையன் கத்தினது அந்த பயத்துல, உங்க மேல இல்ல.

ஒரு அடையாளம் சொல்றேன், அடுத்த தடவ நீங்களே அவனுக்கு சொல்லலாம். மல்லாக்க கெடந்தா சட்டை உரிக்குது, விட்டுருங்க. குப்புற இருந்து எட்டு காலும் வயித்துக்கு அடியில மடங்கி சுருண்டு கெடந்தாதான் ஆபத்து, பெரும்பாலும் தண்ணி இல்லாம காஞ்சு போயிருக்கும். அப்படி பாத்தீங்கன்னா உடனே அவன கூப்பிடுங்க, நன்றி சொல்லுவான்.

வீட்டுக்கு ஆகாதுங்கறதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. பொண் சிலந்தி 20 வருஷத்துக்கு மேலயும் இருக்கும், அவன் கல்யாணம் பண்ணி புள்ள பெத்து அந்த புள்ள ஸ்கூலுக்கு போறப்பவும் அது அந்த ரூம்லயே இருக்கும், அதுக்குள்ள உங்களுக்கும் பழகிரும். கூழ் எனக்கும் கொஞ்சம் வேணும்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க், லெனேசியா. டர்பன்ல இருக்கற ஒரு ஃபிரண்டோட ஃபிரண்டு ஹீட்டரே வேணாம்ங்கறான். நம்பலாமா?

பதில்: அவன் ஊருக்கு அது சரி, உங்க ஊருக்கு இல்ல. நீங்க கடல் மட்டத்துக்கு மேல 1,500 மீட்டருக்கும் கூடுதலான உயரத்துல உக்காந்திருக்கீங்க, ஜூன் ஜூலையில ராத்திரி 4, 5 டிகிரிக்கு இறங்கும். ரூம சூடு பண்ணுங்க, முடியலன்னா ஹீட் மேட்ட பெட்டி பக்கவாட்டுல தெர்மோஸ்டாட்டோட ஒட்டுங்க, அடியில வேணவே வேணாம். கரண்ட் போற ராத்திரிக்கு ஒரு பாலிஸ்டைரீன் பெட்டி ரெடியா இருக்கட்டும், சிலந்திப் பெட்டிய அப்படியே அதுக்குள்ள வெச்சு மூடிருங்க, காத்துக்கு ஓட்டை விட்டு.

கேள்வி: வெருலம்ல இருந்து. நாங்க ஃபிளாட்ல இருக்கோம், லிஃப்ட்ல ஏறினா இறங்கற வரைக்கும் "உன் சிலந்திக்கு டூம் பூச்சி ஸ்ப்ரே அடிச்சு விடுப்பா"ன்னு ஜோக். சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குது.

பதில்: ஜோக்க விடுங்க தம்பி, நிஜத்த பாருங்க. கரப்பான் பூச்சிக்கு யாராவது நிஜமாவே ஸ்ப்ரே அடிச்சா அதே ரூம்ல இருக்கற சிலந்தியும் போயிரும், காத்துல வர்றதே போதும். பில்டிங்குக்கு ஃபியூமிகேஷன்னு நோட்டீஸ் ஒட்டினா முந்தின நாளே பெட்டிய வேற வீட்டுக்கு எடுத்துட்டு போயிருங்க. இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, நாய்க்கு தெள்ளுப்பூச்சி மருந்து போட்டுட்டு அதே கையால சிலந்திப் பெட்டிய திறக்காதீங்க. லிஃப்ட் அங்கிள்கிட்ட ஸ்ப்ரே அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டு வைங்க, அந்த ஜோக்கால கெடைச்ச ஒரே லாபம் அதுவா இருக்கட்டும்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க். தோட்டத்துல வேலை பாக்கறப்ப தரையில நூல் கட்டின ஒரு ஓட்டை, உள்ள முடி முடியா ஒரு பெரிய சிலந்தி. பபூன் ஸ்பைடர்னு நினைக்கறேன், நம்ம ஆப்பிரிக்க டராண்டுலா. வேலிக்கு அந்தப் பக்கம் போன ஒருத்தர் "பிடிச்சு வளருங்க, காசு மிச்சம்"ங்கறார், இன்னொருத்தர் "தொட்டா ஜெயில்"ங்கறார், மூணாவது ஆள் வெந்நி ஊத்த சொல்றார்.

பதில்: ரெண்டாவது ஆள் கொஞ்சம் ஓவரா சொன்னாலும் பக்கத்துல வந்துட்டார். நம்ம நாட்டு பபூன் ஸ்பைடர்ல ஹார்பாக்டிரா, செரட்டோகைரஸ், டெரினோகைலஸ்னு மூணு ஜீனஸ் (பேரினம்) 2007ல வந்த தேசிய சட்டத்துல பாதுகாக்கப்பட்ட லிஸ்ட்ல இருக்கு, பர்மிட் இல்லாம பிடிக்கவோ வெச்சுக்கவோ விக்கவோ கூடாது. உங்களோடது அந்த மூணுல ஒண்ணான்னு ஓட்டைய எட்டிப் பாத்து நீங்களும் சொல்ல முடியாது நானும் சொல்ல முடியாது, அதனால கை வைக்காதீங்க. நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்துல இதுக்கு பொறுப்பு எசெம்வெலோங்கற வனவிலங்கு அமைப்பு, சந்தேகம்னா அங்க கேளுங்க, வேலியோரமா போறவர்கிட்ட இல்ல.

நம்ம ஆப்பிரிக்க வகைக்கு அந்த பறக்கற அரிப்பு முடி கிடையாது, அதனால அதுக்கு தெரிஞ்ச தற்காப்பு முன்னங்கால தூக்கி நிக்கறதும் கடிக்கறதும்தான். கடிச்சா நல்லா வலிக்கும். ஆனா அதுவா வீட்டுக்குள்ள வந்து யாரையும் தேடாது, பொண்ணு அந்த ஓட்டைய விட்டு வெளிய வர்றதே அபூர்வம். மழைக்கு முன்னாடி சுவத்துல ஓடி வீட்ல எல்லாரையும் அலற விடறது வேற ஆள், ரெயின் ஸ்பைடர், தட்டையா காலு நீளமா இருக்கும், அதையும் ஜனங்க பபூன்னு சொல்லி அடிக்கறாங்க. அது கோடையில இலைங்கள நூலால சுத்தி கைப்பிடி அளவுக்கு ஒரு முட்டைப் பை கட்டி காவல் நிக்கும், செடி வெட்டறப்ப அந்த பந்த மட்டும் தொடாதீங்க, அம்மாக்காரி பாய்வா. வெந்நிய டீ போட வெச்சுக்கோங்க.

கேள்வி: டோங்காட். இந்தியாவுல நம்ம தமிழ்நாட்டுலயே அழகான டராண்டுலா இருக்காமே, ராமேஸ்வரத்துல. யாத்திரை போற குரூப்ல ஒருத்தர், நேத்துதான் பழக்கம், "டப்பாவுல போட்டு சூட்கேஸ்ல கொண்டாந்துரலாம், யாருக்கும் தெரியாது"ங்கறார்.

பதில்: இருக்கு. ராமேஸ்வரம் பக்கம் மரப் பொந்துல வாழற வகை, சாம்பல் கருப்புல கோலம் போட்ட மாதிரி முதுகு. 2004லதான் அதுக்கு அறிவியல் பேர் வெச்சாங்க, அனுமவிலாசம்ங்கற கோயில் தோப்புல கெடைச்சதால அந்த பேரே அதுக்கும். நாலு வருஷத்துல, 2008லயே, அழிவோட விளிம்புல இருக்கற லிஸ்ட்ல போட்டாச்சு, ஏன்னா பழைய மரம் போனா அதுக்கு வீடு இல்ல, மரம்தான் வேகமா போயிட்டு இருக்கு. அந்த ஜீனஸ் மொத்தமும், இந்தியா இலங்கை ரெண்டு நாட்டு வகையும், 2019ல சைட்டீஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட லிஸ்ட்ல வந்தாச்சு. பர்மிட் இல்லாம பார்டர் தாண்டினா அது கடத்தல், உங்க சூட்கேஸ் டர்பன் ஏர்போர்ட்ல திறந்தா அந்த நேத்து பழக்கம் பக்கத்துல நிக்க மாட்டார்.

சட்டத்த விடுங்க, இந்த ஜீனஸ் மின்னல் வேகம், கடிச்சா தசை புடிச்சு இழுக்கறது நாள்கணக்குல போகும்னு கடி வாங்கினவங்க அனுபவம் இருக்கு. முத தடவ வளர்க்க நினைக்கறவங்களுக்கு இது இல்ல. யாத்திரை போங்க, தீர்த்தம் ஆடுங்க, அந்த பக்கம் வயசான புளிய மரம் இருந்தா சாயங்காலம் இருட்டினப்புறம் டார்ச் அடிச்சு பொந்துக்கு வெளிய கால் நீட்டிட்டு உக்காந்திருக்கான்னு பாருங்க, பாத்துட்டு எனக்கு எழுதுங்க. டப்பாவ மட்டும் வீட்லயே வெச்சிட்டு போங்க.