கழற்றிய லேப்டாப்புக்கு வழக்கு நிற்குமா?

கேள்வி: பாலக்கோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஓசூர் ஷோரூம் ஒன்றில் 82,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். ஏழாவது மாதம் ஒரு அப்டேட் வந்தது. மறுநாள் திரையில் பச்சைக் கோடு; ஒரு வாரத்தில் ஆன் ஆகவே இல்லை. சர்வீஸ் சென்டரில் "தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். நான்கு முறை ஓசூர் போய் வந்துவிட்டேன். கஸ்டமர் கேரில் மனிதர்களே பேசுவதில்லை. இப்போது மதர்போர்டைப் பாதி விலைக்கு, 19,500 ரூபாய்க்கு மாற்றித் தருகிறார்களாம். ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு இவர்களுக்குப் பாடம் புகட்ட வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம். அலைந்த அலைச்சல், கல்யாண வீட்டாரிடம் வாங்கிய பேச்சு, கஸ்டமர் கேரில் கேட்ட பாட்டு எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அவற்றுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கடைசியில் ஒரு சிறு தொகை கிடைக்கலாம், அவ்வளவுதான். வழக்கின் தலையெழுத்து இருப்பது இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்: "கல்யாண போட்டோ உள்ளே மாட்டிக்கொண்டதால் தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் தெரிந்த கடையில் கழற்றி எஸ்எஸ்டியை (படங்கள் சேமிக்கப்படும் பாகம்) எடுத்தோம்."

கழற்றியது எந்தத் தேதி? சர்வீஸ் சென்டரில் பழுதைக் குறித்துத் தரும் சீட்டு, அதாவது முதல் ஜாப் ஷீட், போட்டதற்கு முன்பா, பின்பா? அதைத்தான் நீங்கள் எழுதவில்லை.

தருமபுரி மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது இதுதான். பொருளில் உற்பத்திக் குறை என்று நீங்கள் சொல்ல, தண்ணீர் பட்டது என்று அவர்கள் சொல்ல, பார்த்துத் தெரியாத குறையாக இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவுப்படி ஆணையம் பொருளை வாங்கி, சீல் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள். ஆய்வுக்கூடம் திறந்து பார்த்து "ஏற்கெனவே வெளியாள் திறந்த இயந்திரம்" என்று ஒரு வரி எழுதினால் போதும், மற்றதை எதிர்தரப்பு வக்கீல் பார்த்துக்கொள்வார்.

நான் வாதாடிய காரிமங்கலத்துக் கட்சிக்காரர் ஒருவருக்கு இது நடந்தது. ஆய்வுக்கூடம் வரைக்கும்கூடப் போகவில்லை. எதிர்தரப்பு வக்கீல் லேப்டாப்பை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். அடிமூடியில் ஒன்பது ஸ்க்ரூ கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளி நிறம். இன்னொன்றின் தலை தேய்ந்து வழவழவென்று இருந்தது. "இது கம்பெனி ஸ்க்ரூவா சார்?" என்று மட்டும் கேட்டார். என் கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். உங்களுக்குக் கழற்றிக் கொடுத்த கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று நினைப்பீர்கள். "வந்து சொல்றேன் அண்ணே" என்றுதான் அவரும் சொல்வார். சம்மன் கையில் கிடைத்ததும் அவர் ஊரில் இருக்கமாட்டார்.

ஆகவே முதல் ஜாப் ஷீட்டைத் தேடி எடுங்கள். அது கழற்றுவதற்கு முந்தைய தேதியில் இருந்து, அதில் "டிஸ்ப்ளே கோடு, வெளிச் சேதம் இல்லை" என்பதுபோல் எழுதியிருந்தால் உங்களுக்கு நல்ல வழக்கு உண்டு. அன்றைக்கு இல்லாத தண்ணீர் பிறகு எங்கிருந்து வந்தது என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தேதி பின்பாக இருந்தாலோ, ஜாப் ஷீட்டே வாங்காமல் வந்திருந்தாலோ, தயவுசெய்து ஐந்து லட்சத்தை மறந்துவிடுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சர்வீஸ் சென்டரில் ஒரு டேப்லெட்டை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து சார்" என்பார்கள். விரலால் கிறுக்கிவிட்டு வருவோம். பிறகு மெயிலில் வரும் காகிதத்தில் "வாரண்டிக்கு வெளியே என்பதை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்" என்று இருக்கும், கீழே உங்கள் கிறுக்கல் இருக்கும். உங்கள் மெயிலில் அப்படி ஏதாவது வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்து நீங்கள் மறுத்து எழுதவில்லையென்றால் இன்றே எழுதுங்கள்.

பில் நகலையும் பார்த்தேன். ஸ்டுடியோ பெயர், ஜிஎஸ்டி எண். கட்டிய ஜிஎஸ்டியைத் தொழில் கணக்கில் வரி வரவாக எடுத்துக்கொண்டதாகவும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் வரும். இதற்கு மருந்து உண்டு. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்தரப்பாக இருந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருப்பதாலேயே அது மாறிவிடாது. உங்கள் ஸ்டுடியோவில் வேலை செய்யும் இரண்டு தம்பிகளும் அதற்குள் அடங்குவார்கள். ஆனால் "சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கினேன்" என்ற வரி மனுவிலும் பிரமாண வாக்குமூலத்திலும் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் தோற்ற மனுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்ததும், வாரம் ஒரு மெயில் அனுப்புவதும் தவறில்லை. ஆனால் எத்தனை மெயில் போனாலும் மனு போடுவதற்கான 2 ஆண்டுக் கெடு நின்று காத்திருக்காது.

சரி, வெளிப்படையாகச் சொல்கிறேன். ஜாப் ஷீட் உங்கள் பக்கம் இல்லையென்றால் 19,500 ரூபாய்க்கு ஒத்துக்கொள்ளுங்கள். ஆய்வு தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம்; வாய்தா கணக்கு வேறு. நீங்கள் ஜெயித்தாலும் அவர்கள் பாதித் தொகையைக் கட்டிவிட்டு மாநில ஆணையத்துக்கு அப்பீல் போவார்கள். அதற்குள் இந்த லேப்டாப்பின் மாடலே மறந்துபோயிருக்கும். ஒரு முகூர்த்த சீசனை இயந்திரம் இல்லாமல் ஓட்டுவதற்கு என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஒத்துக்கொள்ளும்போதுதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போதே "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பத்து நாளில் அதே பச்சைக் கோடு திரும்ப வரும், அந்தக் காகிதமும் கூடவே வரும். புது மதர்போர்டுக்கும் திரைக்கும் எத்தனை மாத வாரண்டி என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகத்தின் எண் பில்லில் இருக்கட்டும். சீட்டில் கையெழுத்து, லேப்டாப்பை வாங்கி அங்கேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகு. பத்து நிமிடம் வீடியோ எடிட் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், சர்வீஸ் சென்டர் பெண்ணின் முகம் தெரிய "திருட்டுக் கூட்டம்" என்று நீங்கள் போட்ட வீடியோவை இன்றிரவே எடுத்துவிடுங்கள். பாதி விலை பேச்சு நடக்கும்போது அவர்கள் கையில் அவதூறு வழக்குக்கான பொருளை நீங்களே கொடுக்க வேண்டாம்.